ஏரிக்கரைக்கு வந்த முகமூடிகள்: அது பூசையா, கூத்தா?

சில ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்க அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகருக்குப் போயிருந்தபோது, மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு முகமூடி ஊர்வலத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான முகங்கள் நடந்துபோய் ஓர் ஏரிக்கரையில் நின்றன, எதிர்க்கரையிலிருந்து படகுகளில் சிவப்புச் சூரியன் வந்தது என்கிறீர்கள். அது ஏரிக்குச் செய்யும் பூசையா, நாடகமா, அரசியல் ஊர்வலமா என்பது உங்கள் முதல் கேள்வி. சிவகங்கைப் பக்கம் இருக்கும் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா, காகித முகமூடியை எப்படிச் செய்வது, முடிந்ததும் கண்மாயில் கரைத்துவிடலாமா என்பவை அடுத்தவை. இவற்றின் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. பரம்பரையாக வராத ஒரு சடங்கை மனிதர்கள் கூடி உண்டாக்கிக்கொள்ளலாமா, அப்படி உண்டாக்கியதில் உயிர் இருக்குமா? இதற்கு என் பதில், இருக்கும் என்பதே. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நாடகம் பயின்றவன். முகமூடி செய்வது என் தொழில். நீங்கள் பார்த்த ஊர்வலத்துக்காக ஏப்ரல் மாதங்களில் நடந்த பட்டறைகளில் பல ஆண்டுகள் பசையும் காகிதமுமாக இருந்திருக்கிறேன். மானுடவியலோ நீரியலோ நான் படித்ததில்லை. ஆகவே முகமூடி பற்றிச் சொல்வதை என் கைப்பழக்கத்திலிருந்து வந்ததாகவும், தண்ணீர் பற்றிச் சொல்வதை அந்த நகரத்தில் வாழ்ந்த ஒருவன் கண்டதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத செய்திகள். அந்த ஊர்வலம் பழங்கால வழிபாடு அல்ல. அமெரிக்கப் பழங்குடிகளின் திருவிழாவும் அல்ல. மே தின ஊர்வலம் என்ற பெயரில் அது தொடங்கியது 1975-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1973-இல், தெற்கு மினியாப்பொலிஸில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் சில இளைஞர்கள் சேர்ந்து பவுடர்ஹார்ன் பொம்மலாட்டக் குழு என்ற பெயரில் ஒரு நாடகக் குழுவை அமைத்தார்கள். டேவிட் ஓ'ஃபாலன், ரே செயின்ட் லூயிஸ் ஆகிய இருவரும் நிறுவியவர்கள். விரைவிலேயே வந்து சேர்ந்த சாண்டி ஸ்பீலர் பிறகு பல பத்தாண்டுகள் கலை இயக்குநராக இருந்து அதன் முகத்தை வடித்தவர். 'விலங்கின் இதயத்தில்' என்று பொருள்படும் இன்றைய பெயரைப் பின்னாளில் சூட்டிக்கொண்டார்கள். வியட்நாம் போர் முடிந்த அதே வசந்தத்தில், சில பத்துப் பேர் மட்டும் முகமூடி தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு நடந்ததுதான் முதல் ஊர்வலம். பின்னாளில் சுமார் 50,000 பேர் கூடியதாகப் பத்திரிகைகள் எழுதின. டிக்கெட் இல்லாத திறந்தவெளிக் கூட்டத்தின் கணக்கு என்பதால் இதை மதிப்பீடாக மட்டும் கொள்ள வேண்டும்.

மே தினத்துக்கு அவர்கள் இரண்டு வேர்கள் சொல்வார்கள். வடக்கு நாடுகளில் பனி உருகிப் புல் தலைகாட்டும் நாள் என்பது பச்சை வேர். எட்டு மணி நேர வேலைக்காக 1886-இல் சிகாகோவில் தொழிலாளர்கள் எழுந்ததன் நினைவு என்பது சிவப்பு வேர். ஊர்வலத்தில் ஆற்றையும் மரத்தையும் சுமப்பவர்களின் பக்கத்திலேயே கூலி கேட்கும் தட்டிகளும் போவது இதனால்தான். ஊர்வலத்தின் கடைசிப் பகுதியை யாரும் எந்தக் கருத்தையும் சொல்லி நடக்கலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். கட்சிக்காரர்கள், சங்கத்தார், சைக்கிள் ஓட்டிகள் எல்லோரும் அதில் வருவார்கள். நீங்கள் அந்தப் பகுதியை முதலில் பார்த்திருந்தால் அரசியல் ஊர்வலம் என்று நினைத்ததில் வியப்பில்லை. முன்னால் போன முகமூடிப் பகுதிகள் மட்டும் அந்த ஆண்டின் கருப்பொருளைத் தொடர்கதையாகச் சொல்லும்.

இந்த வகைக் கலையின் ஊற்று இன்னொரு மனிதரிடம் இருக்கிறது. பீட்டர் ஷூமன் என்ற ஜெர்மானியச் சிற்பி 1963-இல் நியூயார்க்கில் 'ரொட்டியும் பொம்மையும்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். மாபெரும் காகிதத் தலைகளை வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் நடக்கவிட்டார். பார்க்க வந்தவர்களுக்குத் தன் கையால் சுட்ட ரொட்டியைக் கொடுத்தார். 1970-இல் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு அங்கே குளோவர் என்ற சிற்றூரில், சரளைக்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளத்தை அரங்கமாக்கினார். கூரையோ திரையோ விளக்கோ கிடையாது. புல்வெளி, மலைச்சரிவு, மாலை வெளிச்சம் ஆகியவையே அரங்கப் பொருள்கள். விலை குறைந்த பொருளில் எல்லோரும் செய்யும்படி கலை இருக்க வேண்டும் என்ற அவர் பிடிவாதம் மினியாப்பொலிஸ்காரர்களிடம் அப்படியே வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் ஒகையோ மாநிலத்தில் குயஹோகா ஆறு எண்ணெய்க் கழிவால் தீப்பற்றியது (1969), முதல் புவி நாள் வந்தது (1970), அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியது (1972). நீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பது தலைப்புச் செய்தியாக இருந்த காலத்தில் முளைத்த கலை இது.

இனி, 2019 வரையிலான ஆண்டுகளில் ஏரிக்கரையில் நடந்தது. நீங்கள் கூட்டத்தின் பின்னால் நின்றதால் பாதிதான் தெரிந்திருக்கும். பவுடர்ஹார்ன் பூங்கா ஒரு பெரிய கிண்ணத்தைப் போன்ற இடம். நடுவில் ஏரி, சுற்றிலும் புல் சரிவு. சரிவில் மக்கள் உட்கார, கரையோரப் புல்வெளியில் நிகழ்ச்சி நடக்கும். ஆறு, புல்வெளி, காடு, வானம் என்று நான்கு பெரும் உருவங்கள் ஆண்டுதோறும் வரும். மினியாப்பொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநில நிலத்தின் நான்கு முகங்கள் அவை. அந்த ஆண்டு ஊரை வாட்டிய துயரம் எதுவோ அது முதலில் நடித்துக் காட்டப்படும். அது முற்றிய இடத்தில் எல்லோரும் ஏரியின் எதிர்க்கரையைப் பார்ப்பார்கள். அங்கிருந்து சூரியன் துடுப்புப் படகுகளில் புறப்படும். அது இக்கரை வந்து சேர வெகு நேரம் ஆகும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் ஆகும். அதை விரைவுபடுத்த யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். பல ஆயிரம் பேர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். சூரியன் கரையேறியதும் தரையில் கிடந்த உயிர்மரம் என்ற மாபெரும் உருவத்தை நிமிர்த்துவார்கள். கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கதை மாறியிருக்கிறது, இந்த முடிவு மாறவில்லை.

இந்தக் காத்திருப்பில்தான் விழாவின் உயிர் இருப்பதாக நான் கருதுகிறேன். மற்ற நாள்களில் பவுடர்ஹார்ன் ஏரி அந்தக் குடியிருப்பின் நடுவில் ஒரு சாதாரண நீர்ப்பரப்பு. தெருக்களில் விழும் மழை, இலை, மண், புல்தரை உரம் எல்லாம் வடிகால் வழியே அதில் வந்து சேரும். கோடையில் பாசி பிடிக்கும். நடந்து கடந்துபோகும் ஒருவர் அதை நின்று பார்க்கக் காரணமே இருக்காது. அந்த ஒரு மாலையில் மட்டும், படகு நகரும் வேகத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நீர் எவ்வளவு அகலம், எந்தக் கரையில் கோரை நிற்கிறது என்று அத்தனை கண்களும் பார்த்தாக வேண்டும். மேடையில் நீல விளக்கு போட்டு ஏரி என்று சொல்லியிருந்தால் இது நடக்காது. இடமே பாத்திரமாக இருப்பதால் நடக்கிறது. ஆகவே முதல் நிபந்தனையாக, எந்த நீரைக் கொண்டாடுகிறீர்களோ அந்த நீரின் கரையிலேயே செய்யுங்கள் என்று சொல்வேன். பள்ளி மைதானத்திலோ மண்டபத்திலோ செய்தால் அது கண்மாயைப் பற்றிய நாடகமாக நின்றுவிடும்.

இரண்டாவது நிபந்தனை, செய்பவர் யார் என்பது. நான் இருந்த ஆண்டுகளில், ஊர்வலத்துக்கு முன்னால் குளிர்காலத்திலேயே பொதுக்கூட்டம் போட்டு, ஊருக்கு இந்த ஆண்டு எது வலிக்கிறது, எது மகிழ்ச்சி தருகிறது என்று கேட்பார்கள். அதிலிருந்து கலைஞர்கள் கதையைக் கோப்பார்கள். பிறகு ஏப்ரல் முழுவதும் லேக் தெருவில் உள்ள பழைய திரையரங்கு ஒன்றில் கதவைத் திறந்து வைப்பார்கள்; யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. பாட்டிமார், பள்ளிப் பிள்ளைகள், வேலை முடிந்து நேரே வருகிறவர்கள் என்று ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம் கிழிப்பார்கள். தான் பசை தடவிய மீன் தெருவில் போகும்போது அந்தப் பிள்ளைக்கு அது வேடிக்கைப் பொருள் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு குழுவைக் கூலிக்கு அழைத்து வந்து ஆடவைத்தால் நேர்த்தி கூடும், இந்த உறவு வராது. நேர்த்தி குறைவான, ஊர் செய்த முகமூடியையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. மினியாப்பொலிஸ் நகரம் பிறந்ததே மிசிசிப்பி ஆற்றின் செயின்ட் அந்தோணி அருவியால். அருவியின் விசையில் சக்கரம் சுழற்றிக் கோதுமை அரைத்து, 1880 முதல் 1930 வரை மாவு உற்பத்தியில் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருந்த ஊர் அது. இன்றும் நகரத்தின் குழாய்களில் வருவது மிசிசிப்பித் தண்ணீர்தான். முகமூடிகளை ஒட்டும் பசையோ கோதுமை மாவும் குழாய்த் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சியது. பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பசைச் சட்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். இதை யாரும் குறியீடாகத் திட்டமிடவில்லை. ஊரில் கிடைத்ததை எடுத்தார்கள், அது ஊரின் கதையாகவே இருந்தது.

தண்ணீர் அவர்களுக்கு ஊர்வலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1983-இல் 'நீர் வட்டம்' என்று பொருள்படும் ஒரு சர்க்கஸை உருவாக்கிக்கொண்டு மிசிசிப்பியின் வடகோடியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஆற்றங்கரை ஊர்களில் நிகழ்த்திக்கொண்டே போனார்கள். ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு அது. மேல்மடைக்காரர் ஆற்றில் விட்டது கீழ்மடைக்காரர் குடிநீரில் வரும் என்பது நம் ஊர் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆற்றின் தலையில் வாழ்கிறவர்கள் அதன் வால் வரை போய்ப் பார்த்தது, அவர்கள் கலையின் பார்வையை விரித்தது என்பது என் எண்ணம். பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் குடிநீர் பற்றியும் நிகழ்ச்சிகள் செய்தார்கள்.

இப்போது சந்தேகத்துக்குரிய பகுதி. இப்படி ஊர்வலம் போவதால் ஏரி சுத்தமாகிறதா? ஆகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பாசி குறைவதற்கு வடிகாலில் வண்டல் பிடிக்கும் தொட்டி வேண்டும், தெருவில் இலை கூட்ட வேண்டும், உரம் போடுவதைக் குறைக்க வேண்டும். அவை பொறியாளர்களும் பூங்கா வாரியமும் குடியிருப்போரும் செய்ய வேண்டிய வேலைகள். ஏரியைப் பார்த்துப் பழகிய மக்கள் அந்த வேலைகளுக்காகக் குரல் கொடுக்கிறார்கள் என்பது நான் நேரில் கண்டது. ஆனால் ஊர்வலத்தால்தான் குரல் கொடுத்தார்களா, குரல் கொடுக்கிற இயல்புள்ளவர்கள்தான் ஊர்வலத்துக்கு வந்தார்களா என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே கண்மாய் தூர்வாரப்படும் என்ற எதிர்பார்ப்பில் முகமூடி செய்யாதீர்கள். தூர்வார மனுக் கொடுப்பது தனி வேலை, அதையும் செய்யுங்கள்.

சடங்கா, நாடகமா என்பதிலும் உறுதியான பகுதியும் கருத்தாகச் சொல்லக்கூடிய பகுதியும் உண்டு. அதில் பூசாரி இல்லை, வேதம் இல்லை, ஏரிக்குப் படையல் இல்லை, இது உறுதி. கிறிஸ்தவர், கடவுள் நம்பிக்கை அற்றவர், யூதர், நம்மவர் எல்லோரும் ஒரே முகமூடிக்குள் கைகொடுப்பார்கள். ஆனால் அதே நாளில், அதே கரையில், அதே மரத்தை நிமிர்த்துவதைத் தலைமுறை தாண்டிச் செய்துவந்தால் அது நாடகத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். சிறுவயதில் தவளை முகமூடி போட்டவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த ஆண்டு இறந்தவர்களை நினைத்து அங்கே அழுகிறார்கள். எந்தச் சடங்கும் ஒரு நாள் ஒருவர் தொடங்கியதுதான். தொடங்கிய ஆண்டு நமக்குத் தெரியும் என்பதற்காக அதைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. நாடக அறிஞர்களில் இதை ஏற்காதவர்களும் உண்டு. அவர்களுக்குச் சடங்கு என்றால் அதன் பலனில் நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த வாதத்தையும் நான் மதிக்கிறேன்.

மனத்தை உறுத்துகிற ஒரு பகுதியும் இருக்கிறது. அந்த நிலமும் நீரும் டகோட்டா என்ற பழங்குடி மக்களுடையவை. அமெரிக்க அரசோடு நடந்த 1862 போருக்குப் பின் அவர்கள் மினசோட்டாவை விட்டு விரட்டப்பட்டார்கள். மினசோட்டா ஆறு மிசிசிப்பியோடு கூடும் இடம் அவர்களுக்குப் புனிதமானது. நகரத்தின் மிகப் பெரிய ஏரி, அடிமை முறையை ஆதரித்த ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சுமந்திருந்து, அண்மைக் காலத்தில்தான் பிடே மக்கா ஸ்கா என்ற டகோட்டாப் பெயரைத் திரும்பப் பெற்றது. இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் வெள்ளையர்களான ஒரு குழு நீருக்கான சடங்கை உண்டாக்கியது சரியா என்ற விவாதம் வெளியிலும் உள்ளேயும் நடந்தது. கதையைத் தீர்மானிக்கும் இடத்தில் யார் உட்காருவது என்பதே அதன் மையம். நியாயமான கேள்வி அது. உங்கள் ஊரிலும் அது வரும். கண்மாய்க் கரையில் எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை, எந்தத் தெருவின் பறை முன்னால் போகும், எந்தத் தெருவின் பிள்ளைகள் முகமூடிக்குள் இருப்பார்கள் என்று. அதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். எல்லாத் தெருவும் சேராத விழாவைக் கண்மாயின் விழா என்று சொல்ல முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. இலவச விழாவுக்கும் கலைஞர் சம்பளம், அனுமதி, காவல், கழிப்பறை என்று செலவு உண்டு. கூட்டம் பெருகப் பெருகச் சுமையும் பெருகியது. ஒரே அமைப்பாக இதைத் தாங்க முடியாது என்று 2019-இல் குழு அறிவித்தது. 2020-இல் பெருந்தொற்று வந்து நிறுத்தியது. அதன் பிறகு பல சிறு குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் வடிவத்துக்கு அது மாறத் தொடங்கியது. வெர்மான்டிலும் ஷூமனின் கோடைவிழா கட்டுக்கடங்காமல் பெருகி, 1998-இல் ஒருவர் உயிரிழந்த பிறகு அந்த வடிவில் நிறுத்தப்பட்டது. சிறிதாகத் தொடங்குங்கள் என்று மட்டுமல்ல, சிறிதாகவே வைத்திருங்கள் என்றும் சொல்வேன். ஊர் அளவுக்கு மேல் வளராத விழாவுக்கு ஆயுள் அதிகம்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். சிவகங்கைக்காரரான நீங்கள் மினியாப்பொலிஸைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. புரவி எடுப்பை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் கொடுக்க, வேளார் கண்மாய்க் களிமண்ணை எடுத்துக் குதிரை வனைந்து சுட்டு, குறித்த நாளில் கண் திறந்து, ஊரே தோளில் சுமந்துகொண்டு கரையோர அய்யனாரிடம் போய் நிறுத்துகிறது. நீரடி மண்ணே உருவமாகி ஊர்வலம் போய் நீரைக் காக்கும் தெய்வத்திடம் சேர்கிறது. இதைவிடச் செறிவான ஒரு நீர்க் கொண்டாட்டத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆகவே அதற்குப் போட்டியாகவோ அதன் போலியாகவோ எதையும் செய்யாதீர்கள். அய்யனாருக்கும் அம்மனுக்கும் காகித முகம் செய்யவும் வேண்டாம். நம் மரபில் சில முகமூடிகள் தெய்வமே. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் வரும் நரசிம்மர் முகமூடி பூசைக்குரியது. அதை அணிபவர் விரதம் இருப்பார். அந்த வகையும் பட்டறையில் பிள்ளைகள் செய்யும் வகையும் கலக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு விட வேண்டியவை கண்மாயின் மற்ற குடிமக்கள். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு, விரால், கெளிறு, அயிரை, ஆமை, தவளை, கரையில் நிற்கும் மருதமரம், மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, நீர் வந்து சேரும் வரத்துக்கால். உங்கள் மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் ஊர்கள் இருக்கின்றன. நாரைக்கு முகமூடி செய்ய அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் எதிர்ப்பாத்திரங்களாக வைக்கலாம். மடை திறக்கும் நீர்க்கட்டி என்ற மனிதரை மட்டும் முகமூடி இல்லாமல் நடக்கவிடுங்கள். அந்த வேலையைச் செய்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் அவரையே நடக்கச் சொல்லுங்கள். ஊர் கூடிக் கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா உங்கள் பக்கம் உண்டு. அந்த நாளுக்கு முந்தைய மாலையோ, கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும் மாலையோ பொருத்தமாக இருக்கும்.

செய்முறை எளிது. கவிழ்த்த கூடையின் மேல் கண்மாய்க் களிமண்ணை அப்பி முகத்தை வடியுங்கள். திறந்தவெளியில் வெயில் மேலிருந்து விழும். ஆகவே புருவத்தைத் தூக்கி, கண்குழியை ஆழமாக்கி, மூக்கை மிகைப்படுத்துங்கள். தூரத்திலிருந்து வண்ணத்தைவிட நிழல்தான் முகத்தைக் காட்டும். மண்ணின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மைதா பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை ஒட்டுங்கள். கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித் தாள் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்பது தெரிந்துவிடும். ஐந்தாறு அடுக்கு போதும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சுவரொட்டி ஒட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் போடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் மண்ணிலிருந்து கழற்றி, ஓரத்தில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, வெள்ளை அடித்து வண்ணம் பூசுங்கள். கூடை முடைபவர் ஊரில் இருந்தால் பெரிய தலைகளுக்கு உள்கூட்டை அவரிடமே கேளுங்கள். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நடப்பதற்கும் பயிற்சி வேண்டும். முகமூடி பேசாது, மேளமும் பறையும் பேசட்டும். முகம் அசையாது என்பதால் கழுத்தும் தோளும்தான் உணர்ச்சி காட்டும். மெதுவாகத் திரும்பி, பார்த்து, நின்று, பிறகு அடி எடுத்து வைக்க வேண்டும். அவசரமாக ஆட்டினால் காகிதம் காகிதமாகவே தெரியும். தண்ணீரைக் காட்டப் பழைய நீலப் புடவைகளை நீளமாகத் தைத்து இருபக்கமும் பிடித்து அலையவிடுங்கள். சிறு பிள்ளைகள் அதன் அடியில் ஓடுவார்கள். உள்ளே இருப்பவருக்குக் கண் பாதிதான் தெரியும், ஆகவே ஒவ்வொரு பெரிய முகமூடிக்கும் பக்கத்தில் கை பிடித்து நடக்க ஓர் ஆள் கட்டாயம். உங்கள் வெயிலில் தலைக்குள் கால் மணி நேரத்துக்கு மேல் யாரையும் வைக்காதீர்கள். ஆள் மாற்றி, தண்ணீர் கொடுங்கள். மிக முக்கியமாக, வழியில் தாழ்வாகப் போகும் மின்கம்பிகளை முன்கூட்டியே அளந்துவிட்டு அதற்கும் கீழேதான் உயரம் வையுங்கள். கம்பத்துக்கு இரும்போ அலுமினியமோ வேண்டாம், உலர்ந்த மூங்கில் போதும். கரையில் கூட்டம் நிற்க ஊராட்சியிடமும், கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தால் அவர்களிடமும், காவல் நிலையத்திலும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கரைப்பதைப் பொறுத்தவரை, வேண்டாம். மண் பிள்ளையாரைக் கரைப்பதும் இதுவும் ஒன்றல்ல. கடையில் வாங்கும் வண்ணத்தில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் கலந்தவை. தண்ணீரில் செதில் செதிலாக உரிந்து மீன் வயிற்றுக்குப் போகும். மாவும் காகிதமும் அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். வற்றிவரும் கண்மாயில் அது மீனுக்குக் கேடு. மினியாப்பொலிஸில் பெரும் உருவங்களைக் கழற்றி உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டு, கிழிந்த இடத்தை ஒட்டி, அடுத்த ஆண்டும் எடுத்துவந்தார்கள். வெர்மான்டில் ஓய்வுபெற்ற பொம்மைகளை 1863-இல் கட்டிய ஒரு மாட்டுத் தொழுவத்தில் வைத்து அருங்காட்சியகமாகவே ஆக்கிவிட்டார்கள். உங்களுக்குப் பள்ளியின் பரணோ சமுதாயக் கூடத்தின் மேல்தட்டோ போதும். எலி ஏறாமல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். முகம் வடித்த களிமண்ணை மட்டும் எடுத்த இடத்திலேயே, கண்மாயில், கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். அதில் வண்ணமோ பிளாஸ்டிக் துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.